ஊன்றிய திருவடி

சிவனின் ஐந்தொழிலில் நான்கைப் பற்றி யாரும் வாதாடுவதில்லை. படைத்தல், காத்தல், அழித்தல், அருளல் என்று சொன்னால் தலை தானாக ஆடும். மறைத்தல் என்ற ஒன்று வரும்போதுதான் எங்கள் சைவ சித்தாந்த வகுப்பில் யாராவது ஒருவர் எழுந்து நிற்பார். உயிர்மேல் அத்தனை அன்புள்ள இறைவன், அந்த உயிருக்கே தன்னைக் காட்டாமல் எதற்காக மறைத்துக்கொள்ள வேண்டும்?

வகுப்பு நடத்தும் ஐயா சலிக்காமல் பதில் சொல்வார். மறைப்பதும் அருளே, உயிரைக் கட்டியிருக்கும் ஆணவ மலம் பக்குவப்படும்வரை உயிரை உலகத்தின் பக்கம் திருப்பிவிட்டு, இறைவன் பின்னால் நின்று நடத்துகிறான். அந்தச் சக்திக்குத் திரோதானம் என்று பெயர். மலத்தோடு சேர்ந்து வேலை செய்வதால் அதையும் மலம் என்று உபசாரமாகச் சொல்வார்கள், உண்மையில் அது சிவசக்தியேதான். இந்தப் பதில் எனக்குப் பல வருடங்களாக மனப்பாடம். ஆனால் விளங்கவில்லை. மறைப்பு எப்படி அன்பாகும் என்பது நெஞ்சில் இறங்காமலே இருந்தது. ஒரு மீன்குட்டியைப் புதுத் தொட்டியில் குடிவைத்த காலத்தில்தான் அதற்குள் நுழைய எனக்கு ஒரு வழி தெரிந்தது.

மதுரையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். மீன் என் பேரனுடையது. டைகர் ஆஸ்கர் என்று கடையில் விற்பார்களே, அந்த வகை. அமேசான் படுகையைச் சேர்ந்தது, சிக்லிட் குடும்பம். சிக்லிட் என்றால் ஏதோ தூர தேசத்துப் பெயர் மாதிரி இருக்கும். நம் கண்மாயில் வலை போட்டால் ஏறுகிற ஜிலேபிக் கெண்டையும் சிக்லிட்தான். ஆப்பிரிக்க மீனான அது 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. கேரளத்தில் கொண்டாடும் கரிமீனும் சிக்லிட். அது எங்கிருந்தும் வந்ததல்ல, தென்னாட்டுக் கழிமுகங்களின் சொந்த மீன். இந்தக் குடும்பத்து மீன்களின் தனிக்குணம் பிள்ளை வளர்ப்பு. முட்டையைப் போட்டுவிட்டுப் போகிற மீன்களுக்கு நடுவில், இவை கூடவே நின்று காக்கும். டிஸ்கஸ் என்ற சிக்லிட் தன் தோலில் சுரக்கும் கோழையைக் குஞ்சுகளுக்கு உணவாகவே தருகிறது. தாயும் தருகிறது, தகப்பனும் தருகிறது.

பேரன் கொண்டுவந்த குட்டி விரல் நீளம்கூட இல்லை. வளர்ந்த ஆஸ்கர் ஓரடியைத் தாண்டும், கரும்பச்சையில் நெருப்புச் சிவப்புத் திட்டுகளோடு இருக்கும். குட்டியின் அலங்காரம் வேறு. கருப்பு உடம்பில் வெள்ளையும் ஆரஞ்சுமாக நெளிநெளியான கோடுகள், தலையில் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள். பையிலிருந்து தொட்டிக்குள் வந்ததும் அந்தக் கோடுகளெல்லாம் மங்கிச் சாம்பல் பூத்துவிட்டன. நேராக மூலைக்குப் போய், ஸ்பான்ஜ் ஃபில்டரின் குழாய்க்கும் கண்ணாடிக்கும் நடுவில் உடம்பைச் செருகிக்கொண்டது. சற்று நேரத்தில் மெல்லப் பக்கவாட்டில் சாய்ந்து தரையில் படுத்துவிட்டது.

"அம்மாச்சி, செத்துப்போச்சா?"

சாகவில்லை. இடம் மாறிய ஆஸ்கர் இப்படிச் சாய்ந்து கிடப்பது உண்டு. செவுள் மூடி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. துடுப்புகளை உடம்போடு ஒட்ட மடக்கியிருந்தது. கண் மட்டும் எங்கள் இரண்டு பேர் மேலும் இருந்தது. அவன் முகத்தைக் கண்ணாடியோடு வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "என்னயப் பாத்தா பயப்படுது? நா ஒண்ணுமே பண்ணலயே. சும்மாதான பாக்குறேன்."

சும்மாதானே பார்க்கிறேன் என்று அவன் சொன்னது எனக்குள் தைத்தது. அந்த மீனுக்குச் சும்மா பார்ப்பது என்று ஒன்று இல்லை. அதன் இனம் பிறந்த ஆற்றுக் காட்டில், ஒரு கண் தன்மேல் நிலைத்தால் அடுத்து வருவது வாய். மேலே கொக்கும் நாரையும், கீழே பிரான்ஹாவும் இருக்கும் தண்ணீர் அது. வளர்ந்த ஆஸ்கரின் வாலடியில் ஆரஞ்சு வளையம் சூழ்ந்த ஒரு கரும்புள்ளி இருக்கும், பார்க்கக் கண் மாதிரியே. பிரான்ஹாக்கள் துடுப்பைக் கடிக்காதபடி, தலை எது வால் எது என்று ஏமாற்றவே அந்தப் பொய்க்கண் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பிறர் பார்வையிலிருந்து தப்புவதற்காகத் தன் உடம்பிலேயே ஒரு கண்ணை வரைந்துகொண்ட இனம் அது.

மீனுக்குப் பயமெல்லாம் இருக்குமா, அது வெறும் அனிச்சைச் செயல்தானே என்று என்னோடு வேலை பார்த்தவர்களே கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்வியை இன்று அவ்வளவு சுலபமாகக் கேட்க முடியாது. பிரான்ஸில் பர்கண்டிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் கான்விக்ட் சிக்லிட் என்ற மீனை வைத்துச் செய்த ஆய்வு 2019இல் வெளியானது. ஒரு பக்கத்துப் பெட்டியைத் திறந்தால் உணவு இருக்கும், மறுபக்கத்துப் பெட்டியில் இருக்காது என்று பெண் மீன்களைப் பழக்கினார்கள். பிறகு நடுவில் ஒரு பெட்டி. இருக்கவும் கூடும், இல்லாமலும் போகலாம். தான் தேர்ந்த துணையைப் பிரித்துவிட்ட பெண் மீன், அந்த நடுப்பெட்டியை நெருங்கவும் திறக்கவும் வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டது. நிச்சயமில்லாத ஒன்றின் முன் தயங்குகிறது, இருக்காது என்ற பக்கம் சாய்கிறது. துயரத்தில் இருக்கும் மனிதர் செய்வதும் இதுதான். சைவம் இதற்கு வியக்காது. உயிர் எல்லாம் ஒரே வகை, உடம்புதான் வினைக்கேற்ப வேறு என்பது நம் பாடத்தின் அரிச்சுவடி. அந்தக் குட்டிக்குள் இருப்பதும் எனக்குள் இருப்பதும் உயிர்தான் என்று நான் ஏற்றுக்கொண்டால், மூலையில் சாய்ந்து கிடந்ததைப் பயம் என்று சொல்ல எனக்குத் தயக்கம் இருக்கக் கூடாது.

பார்வையைப் பற்றி இந்த ஊரில் இருந்துகொண்டு யோசிக்கும்போது அங்கயற்கண்ணி அம்மனைத் தாண்டிப் போக முடியாது. மதுரையில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் பாட்டி சொல்லியிருப்பாள்: மீன் தன் முட்டையைக் கண்ணால் பார்த்தே பொரிக்கும், அம்மன் நம்மைப் பார்வையாலேயே காப்பாற்றுகிறாள். இதே கருத்து சைவ நூல்களில் தீட்சைக்கு உவமையாக வரும். பறவை தொட்டு அடைகாப்பது பரிச தீட்சை. மீன் பார்த்துப் பொரிப்பது நயன தீட்சை. ஆமை கரையில் முட்டையிட்டுக் கடலுக்குள் இருந்து நினைத்தே பொரிப்பது மானச தீட்சை.

விலங்கியல் ஆசிரியையாக நான் அறிந்தது வேறு. பார்வையால் முட்டை பொரிப்பதில்லை. தண்ணீரின் சூடும் ஆக்சிஜனும் பொரிக்க வைக்கின்றன. ஆஸ்கர் ஜோடி தட்டையான கல்லைச் சுத்தம் செய்து ஆயிரத்துக்கும் மேல் முட்டையிடும். பிறகு மார்புத் துடுப்பால் இடைவிடாமல் விசிறி, புதுத் தண்ணீரை அவற்றின்மேல் செலுத்திக்கொண்டிருக்கும். பூஞ்சை பிடித்து வெளுத்த முட்டைகளை வாயால் பொறுக்கி எடுத்துவிடும். முட்டைக் கல்லைத் தனித் தொட்டிக்கு மாற்றி ஏர் பம்பு வைத்தாலும் குஞ்சு வந்துவிடும் என்பது வளர்ப்பவர்களுக்குத் தெரியும்.

அதற்காக அந்த உவமையைத் தூக்கிப்போட எனக்கு மனம் வரவில்லை. அதை முதலில் சொன்னவர் ஏதோ ஒரு மீனை உற்றுப் பார்த்திருக்கிறார் என்றே நினைக்கிறேன். நம் குளத்து விரால் குஞ்சுக் கூட்டத்தின் அடியிலேயே நின்று காவல் காக்கும். கழிமுகத்துக் கரிமீன் முட்டைக்கு எதிரே முகத்தை வைத்தபடி நாள்கணக்கில் நகராமல் நிற்கும். கரையிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் துடுப்பின் மெல்லிய அசைவு தெரியாது. முட்டையை நோக்கியபடி அசையாமல் நிற்கும் கண் தெரியும். அவர் கண்டது பொய்யில்லை. கூடவே நிற்பதும் விசிறுவதும் கெட்டதை எடுப்பதும் சேர்ந்ததுதான் அந்தப் பார்வை. அம்மனின் கடைக்கண் என்று நாம் கேட்பதும் இதைத்தான் என்று நினைக்கிறேன்.

அந்த அம்மனின் கோயிலிலேயே இன்னொரு பார்வையும் உண்டு. பொற்றாமரைக் குளத்தில் மீன் இருக்காது. ஏன் என்பதற்குத் திருவிளையாடற் புராணத்தில் நாரைக்கு முத்தி கொடுத்த படலம் இருக்கிறது. பசியோடு வந்த நாரை, அந்தப் புனிதக் குளத்து மீனைத் தின்பது பாவம் என்று அடங்கி நிற்கிறது. இறைவன் தோன்றி என்ன வேண்டும் என்று கேட்கிறான். முத்தியோடு சேர்த்து அது இன்னொன்றும் கேட்கிறது: இனி இந்தக் குளத்தில் மீனே இருக்கக் கூடாது, இருந்தால் என் இனத்துப் பறவைகள் தின்று பாவம் சேர்க்கும். சிறுமியாக இருந்தபோது இந்தக் கதை எனக்குப் பிடிக்கவில்லை, குளத்தில் மீன் இல்லாமல் போனதே என்று. இப்போது அந்த நாரையை மதிக்கிறேன். தன் இனத்தின் கண் எப்படிப்பட்டது என்று அதற்குத் தெரிந்திருந்தது. பார்த்துக்கொண்டே அடங்கியிருப்போம் என்று அது எண்ணவில்லை. பார்ப்பதற்கே ஒன்றும் இல்லாதபடி செய்துவிட்டது.

தொட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்காரும் நான் இந்த இரண்டு பார்வைக்கும் நடுவில் எங்கோ இருக்கிறேன். தின்னப் போவதில்லை. ஆனால் என் பார்வையில் ஆசை இருக்கிறது. அது வெளியே வர வேண்டும், நிறம் காட்ட வேண்டும், என் கையிலிருந்து தின்ன வேண்டும் என்கிற ஆசை. மீனுக்கு இந்த வித்தியாசம் எப்படித் தெரியும்?

அப்போதுதான் நான் விலங்கியலில் நூறு தடவை சொல்லிக்கொடுத்த ஒரு விஷயம் புதிதாகப் பட்டது. எலும்பு மீன்களுக்கு இமை கிடையாது. அம்மன் இமைக்காமல் காவல் காக்கிறாள் என்று நாம் பெருமையாகச் சொல்லும் அந்த இமையின்மை, பயந்த ஒரு குட்டிக்கு என்னவாக இருக்கும்? மனிதக் குழந்தை பயந்தால் கண்ணை இறுக மூடிக்கொள்ளும். தன்னளவில் ஓர் இருட்டை உண்டாக்கிக்கொள்ளும். மீனால் அது முடியாது. விளக்கு எரிந்தால் எரிகிறது, முகம் தெரிந்தால் தெரிகிறது. இமையில்லாத உயிருக்கு இருட்டை வெளியிலிருந்து யாராவது கொடுத்தால்தான் உண்டு.

நான் கொடுத்தேன். தொட்டி விளக்கை அணைத்தேன். பின்பக்கமும் இரண்டு விலாப் பக்கமும் கருப்பு சார்ட் பேப்பரை வெளியிலிருந்து ஒட்டினேன். மூலையில் ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து, வாயை ஒரு பக்கம் உடைத்து, விளிம்பு குத்தாதபடி தரையில் தேய்த்து வைத்தேன். தெருமுனை வாதாம் மரத்தின் காய்ந்த இலைகளைக் கழுவிப் போட்டேன்; தண்ணீர் ஒரு நாளில் இளந்தேயிலை நிறத்துக்கு வந்தது. அமேசானின் காட்டாற்றுத் தண்ணீரும் உதிர்ந்த இலையின் சாற்றால் அந்த நிறம்தான். பேரனிடம் கண்ணாடியைத் தட்டாதே என்று சொன்னேன். மீனுக்கு உடம்பின் இரண்டு பக்கமும் ஓடும் பக்கக் கோடு தண்ணீரின் ஒவ்வொரு அதிர்வையும் வாங்கிக்கொள்ளும், நாம் தட்டுவது அதற்கு இடி. மேலே குனிந்து எட்டிப் பார்க்காதே என்றும் சொன்னேன், மேலிருந்து விழும் நிழல் நாரையின் நிழல். கடைசியாக முன்பக்கக் கண்ணாடியிலும் காகிதம் ஒட்டினேன்.

"அப்ப நாம எப்பிடிப் பாக்குறது?"

"பாக்க வேணாம்டா கண்ணு."

அவனுக்கு அழுகை வந்துவிட்டது. காசு சேர்த்து வாங்கிய மீன், அதைப் பார்க்கக் கூடாது என்றால் அந்த வயதில் என்ன செய்வான். மீன் வளர்ப்பில் எல்லோருக்கும் தெரிந்த, ஆனால் முதல் முறை யாரும் நம்பாத ஒன்றை அவனிடம் சொன்னேன். ஒளிய இடமே இல்லாத தொட்டியில் மீன் எப்போதும் ஒளிந்துகொண்டே இருக்கும். ஒளிய நல்ல இடம் கொடுத்தால் வெளியே வரும். நீந்துகிற ஒவ்வொரு கணமும், ஓடினால் சேருமிடம் ஒன்று இருக்கிறது என்று அதற்குத் தெரிய வேண்டும்.

இதற்கு முந்திய வேலையெல்லாம் கடைக்காரர் சொன்னபடியே நடந்தது. தொட்டியில் தண்ணீர் நிரப்பி, ஆன்டி குளோரின் ஊற்றி, ஃபில்டரை ஓடவிட்டு, மீன் வருவதற்குப் பல வாரம் முன்பே வைத்துவிட்டோம். மீனின் கழிவில் வரும் அம்மோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றும். இந்த பாக்டீரியாக்கள் ஸ்பான்ஜில் போதுமான அளவு குடியேற நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். "தண்ணி பழுக்கணும் டீச்சர், அவசரப்பட்டா மீன் நிக்காது" என்றார் அவர்.

முன்பக்கக் காகிதத்தை ஒட்டிவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தபோதுதான் திரோதானம் நினைவுக்கு வந்தது. நான் அந்தக் குட்டிக்குக் கொடுத்தவை இரண்டு வகை மறைப்பு. சட்டி மீனை மறைக்கிறது. காகிதம் என்னை மறைக்கிறது. சட்டி அதற்கு வீடு. அது புரிந்துகொள்ள எளிது. காகிதம் எனக்கு ஒரு கட்டுப்பாடு. எனக்குப் பிடித்த உயிரின் முன்னிலையிலிருந்து, அதன் நன்மைக்காகவே நான் விலகிக்கொள்கிறேன். விலகினாலும் போய்விடவில்லை. ஃபில்டர் ஓடுகிறதா என்று காது கேட்டுக்கொண்டிருக்கிறது, தண்ணீர்ச் சூட்டைக் கை பார்க்கிறது, தீவனம் வேளைக்கு விழுகிறது. காகிதத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் மீனுக்கு நான் இல்லை. ஆனால் அதன் உலகம் முழுவதையும் அந்த நேரத்தில் தாங்கிக்கொண்டிருப்பவள் நான். ஐயா பல வருடமாகச் சொன்ன பாடம் இதுதான் என்று பட்டது. மறைந்திருப்பவன் சும்மா இருப்பதில்லை. தன்னைக் காட்டினால் தாங்காத உயிருக்கு, காட்டாமல் செய்கிற வேலை அது.

திருவதிகை மனவாசகங்கடந்தார் உண்மை விளக்கத்தில் கூத்தப் பெருமானின் உருவத்தையே ஐந்தொழிலாக விளக்குகிறார். துடியில் படைப்பு, அமைத்த கையில் காப்பு, தீ ஏந்திய கையில் அழிப்பு, தூக்கிய திருவடியில் முத்தி. மறைத்தலை வைத்தது ஊன்றிய திருவடியில். நாம் தரிசிக்கப் போனால் கண் தேடிப் போவது தூக்கிய திருவடியை. பாடுவதும் அதைத்தான். உடம்பின் பாரம் முழுவதும் இறங்குவது ஊன்றிய காலில் என்று அதற்கு முன் எனக்குத் தோன்றியதில்லை.

மதுரைக்காரர் ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. எங்கள் கோயிலின் வெள்ளியம்பலத்தில் பெருமான் மற்ற ஊர்களைப் போல இல்லாமல் வலக்காலைத் தூக்கி இடக்காலை ஊன்றி ஆடுகிறான். புராணப்படி இராசசேகர பாண்டியன் எல்லாக் கலையும் தேர்ந்தவன், பரதம் மட்டும் மிச்சம். அதையும் கற்கத் தொடங்கியபோது காலும் உடம்பும் வலித்த வலியில், இறைவன் எத்தனை காலமாக ஒரே காலை ஊன்றி நிற்கிறான் என்று நினைத்து உருகினான். கால் மாறி ஆட வேண்டும், இல்லையென்றால் உயிரை விடுவேன் என்று வாளை நட்டு நின்றான். பெருமான் மாற்றிக்கொண்டான். அரசன் வருந்தியது மறைக்கும் காலுக்காக. மறைப்பதிலும் வலி உண்டு என்று அவன் கண்டுகொண்டான் என்றே இந்தக் கதையை இப்போது படிக்கிறேன். காகிதத்துக்கு இந்தப் பக்கம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பேரனைப் பார்த்தபோது அந்த வலியின் ஒரு துளி எனக்கும் தெரிந்தது.

ஆனால் ஒப்புமையை இந்த இடத்தில் நிறுத்தியாக வேண்டும், ஏனென்றால் மிக முக்கியமான ஓர் இடத்தில் அது உடைகிறது. சித்தாந்தத்தில் ஆணவம் அநாதி. உயிரை யாரும் பிடித்துக் கட்டவில்லை. அது என்றைக்கும் கட்டுண்டு இருந்தது, இறைவன் வந்து விடுவிக்கிறான். அதனால்தான் அவன் செயலை அருள் என்கிறோம். இந்தக் குட்டியின் கட்டு அநாதி இல்லை. அமேசானில் இருக்க வேண்டிய இனம் மதுரையில் ஒரு கண்ணாடிப் பெட்டியில் கிடப்பதற்குக் காரணம், அதை வளர்த்து விற்கிற தொழில், அந்தத் தொழிலுக்குக் காசு தருகிற எங்களைப் போன்ற வீடு. அதன் பயத்துக்கு நாங்களும் காரணம். பயமுறுத்திய கையே தடவிக்கொடுத்தால் அதற்குக் கருணை என்று பெயர் வைக்க எனக்கு வாய் வரவில்லை. ஜீவகாருண்யம் என்று வகுப்பில் ஒரு தோழி பாராட்டினார். இது கடன் என்று சொன்னேன். அருள் கொடுப்பவர் நினைத்தால் கொடுக்கலாம், நிறுத்தலாம். கடனுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை, மனம் இருக்கிற நாளும் இல்லாத நாளும் கட்ட வேண்டும்.

அப்படியென்றால் விட்டுவிடுவதுதானே நேர்மை என்று அவர் கேட்டார். அதிபத்த நாயனாரை நினைவுபடுத்தினார். நாகப்பட்டினத்து நுளைப்பாடியில் வலை வீசியவர். நாள்தோறும் முதலில் அகப்படும் மீனைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டவர். ஒரே ஒரு மீன் கிடைத்த வறுமை நாட்களிலும் அதை விட்டவர், பொன்மீன் கிடைத்தபோது அதையும் விட்டவர். அவர் விட்டது எங்கிருந்து எடுத்தாரோ அந்தக் கடலில். நான் இதை வைகையில் விட்டால் அது விடுதலை இல்லை. அது கண்ட குஞ்சையும் விழுங்கும் பெரிய மீனாக வளரும். நம் நீர்நிலைகளில் தொட்டியிலிருந்து தப்பிய சக்கர் மீன் எப்படிப் பெருகிக் கிடக்கிறது என்று வலை போடுகிறவர்களைக் கேட்டால் தெரியும். வலையில் ஏறுவது அதன் முள்ளும் ஓடும், அயிரையும் கெண்டையும் குறைவு. ஓர் உயிருக்கு நான் பட்ட கடனை நூறு உயிர்களின் தலையில் கட்ட முடியாது. திறந்துவிடுவதற்குக் கதவு இல்லாத கடன் இது. சொல்லும்போதே கனக்கிறது, ஆனாலும் இதைச் சொல்லாமல் மீன் வளர்ப்பைப் பற்றி அழகாக மட்டும் எழுதுவது நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

குட்டி முதலில் சட்டிக்குள் போனது. சாய்ந்து கிடப்பது நின்றது, செவுள் அடங்கியது. காகிதத்தின் ஓரத்தில் பேரன் பென்சில் முனையால் குத்திய ஓட்டை வழியாக முறை வைத்துப் பார்த்தோம். சட்டி வாயில் மூக்கு மட்டும் தெரியும், பிறகு தலை. தீவனம் போட்டுவிட்டு விலகிப் போய்விடுவோம். மிஞ்சியதை அடுத்த வேளைக்கு முன் எடுத்துவிடுவோம், அழுகினால் அம்மோனியா. சில வேளை அது ஒன்றும் தின்னவில்லை. அதனால் கெடுதல் இல்லை.

துணைக்கு மீன் விடும் யோசனை கடைக்காரருடையது. சில்வர் டாலர் என்ற தட்டையான வெள்ளி மீன்கள், அவையும் தென்னமெரிக்காதான், இலை தழை தின்னும் சாது. அவை கூட்டமாக நடுத்தண்ணீரில் கவலையில்லாமல் சுற்றும். ஒளிந்திருக்கும் மீன் அதைப் பார்க்கும். அவை ஓடவில்லை என்றால் ஆபத்தில்லை என்று அதற்குப் புரியும். அடியார் கூட்டத்தோடு சேர் என்று சிவஞானபோதம் கடைசிச் சூத்திரத்தில் சொல்வது இதனால்தான் என்றார் ஐயா, நான் வகுப்பில் இதைச் சொன்னபோது. எனக்குப் பாதி சம்மதம். அடியாருக்குத் தாம் எதை நோக்கிப் போகிறோம் என்று தெரியும். சில்வர் டாலருக்குத் தெரிந்தது இப்போது நாரை இல்லை என்பது மட்டும். ஆனால் பயந்த உயிருக்கு உபதேசத்தைவிடப் பயமில்லாத இன்னோர் உயிரின் பக்கம் பெரிது என்பதில் முழுச் சம்மதம். புதிதாக வகுப்புக்கு வருகிறவர்களிடம் நான் இப்போது கேள்வி கேட்பதில்லை, பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.

காகிதத்தை ஒரேயடியாகக் கிழிக்கவில்லை. மேலிருந்து ஒரு பட்டை, அது பழகிய பிறகு இன்னொரு பட்டை. எப்போது எடுப்பது என்பதை நாங்கள் முடிவு செய்யவில்லை. பட்டை எடுத்த பிறகும் அது சட்டிக்கு வெளியே நின்று தின்றால் அடுத்தது. உள்ளே ஓடினால் அப்படியே விட்டுவிடுவோம். ஒருநாள் மாலை பேரன் பள்ளிக்கூடப் பையோடு உள்ளே வந்தபோது, கோடுகளெல்லாம் பளிச்சென்று திரும்பியிருந்த குட்டி சட்டியை விட்டு வெளியே வந்து, கண்ணாடியருகே நின்று, அவன் நடக்கிற பக்கமெல்லாம் கூடவே திரும்பியது. ஆஸ்கர் ஆள் அடையாளம் தெரிந்துகொள்ளும் என்று வளர்ப்பவர்கள் எல்லோரும் சொல்வார்கள். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அம்மாச்சி, இப்ப அதுதான் என்னயப் பாக்குது" என்றான்.

இனி வேலை பெரிதாகும். மூன்றடித் தொட்டி அதற்குக் கொஞ்ச காலம்தான் தாங்கும். ஒரு ஆஸ்கருக்கு நாலடி நீளமும் 280 லிட்டர் அளவும் வேண்டும். அதற்கு ஸ்டாண்டு இரும்பில் செய்யக் கொடுத்திருக்கிறேன், மாடி தரை தாங்குமா என்று கொத்தனாரை வரச்சொல்லியிருக்கிறேன். நன்றாக வைத்திருந்தால் பத்து வருடத்துக்கு மேல் இருக்கும் மீன் இது. பேரன் அதற்குள் கல்லூரிக்குப் போய்விடுவான், எனக்கும் வயது எழுபதைத் தாண்டிவிடும். அதனால் மகளை உட்கார வைத்துப் பேசிவிட்டேன். வாரம் கால்பங்கு தண்ணீர் மாற்றுவது, ஸ்பான்ஜைக் குழாய்த் தண்ணீரில் கழுவாமல் தொட்டித் தண்ணீரிலேயே அலசுவது, கரண்ட் போனால் பேட்டரிப் பம்பு எங்கே இருக்கிறது, எந்தக் காரணத்துக்காகவும் கண்மாயில் விடக் கூடாது என்பது, எல்லாவற்றையும் பேரனின் பழைய நோட்டில் எழுதித் தொட்டி அடியில் வைத்திருக்கிறேன். அவள் படித்துப் பார்த்துவிட்டு, சட்டி உடைந்தால் வேறு எங்கே வாங்குவது என்று கேட்டாள். அதையும் எழுதினேன்.